"நாடகம் மாதிரி இருக்கு": பிரேம் வேகத்தைக் கூட்டிப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சினிமா வழக்கமாக ஓடும் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், போதாது, 48, 60, 120 என்று போகவேண்டும் என ஆசைப்படும் இயக்குநர்களுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும் வணக்கம்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வீட்டில் 55 இஞ்ச் டிவி மாட்டப் போயிருந்தேன். சுவரில் ஏற்றி, வயர் கொடுத்து, சேனல் தேடிவிட்டு நிமிர்ந்தால் ஏதோ ஒரு சேனலில் பழைய சிவாஜி படம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, சிவாஜி படம் எதுக்கு நாடகம் மாதிரி ஓடுது?"

மகன் சிரித்தார். "அம்மா, இது ஃபோர்கே டிவி. அப்படித்தான் கிளியரா தெரியும்."

"கிளியரைச் சொல்லலடா. இது படமா இல்ல."

நான் ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போனேன். இரண்டு பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேமைத் தானே உண்டாக்கி அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு. கடையிலிருந்து வரும்போதே அது போட்டபடிதான் வந்தது. அதை அணைத்தேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. "ம், இப்பத்தான் படம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

பிரேம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் என்ன மாறியது, எந்த நொடியில் சரியானது என்பதை அவர் கண் பிசகாமல் சொன்னது. "ரசிகர்களின் கண் இன்னும் பழகவில்லை" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன டவுன் தியேட்டரில் 17 வருடம் ஆபரேட்டராக இருந்தவன். பிலிம் போய் டிஜிட்டல் வந்த சமயத்தில் எங்கள் தியேட்டரும் மூடிவிட்டது. இப்போது டிவி மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் தொழில். ஆனால் அந்த 24 என் கையில் இன்னும் இருக்கிறது. புரொஜக்டரில் நிமிடத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். ஓர் அடிக்கு 16 பிரேம். கணக்குப் போட்டால் நொடிக்கு 24. மோட்டார் கொஞ்சம் இழுத்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

புரொஜக்டர் இருக்கும் கேபினில் நிற்பவன் படத்தைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பான். சுவரில் இருக்கும் அந்தச் சின்னச் சதுர ஓட்டை வழியாக முந்நூறு தலைகள் தெரியும். போகஸ் ஒரு மயிரிழை நகர்ந்தால் முன்வரிசை முதலில் நெளியும். பிலிம் லூப் போய்ப் படம் குதித்தால் விசில் பறக்கும். வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து தேய்ந்து வெளிச்சம் மஞ்சளித்தால் "ஆபரேட்டரு தூங்கிட்டாரா" என்று பின்னாலிருந்து குரல் வரும். ஏன் கெட்டது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கெட்டது என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கத்தலை நம்பித்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

உங்கள் ஆசை தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. 24 ஒன்றும் வேதத்தில் எழுதிய எண் இல்லை. மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். 16, 18, 20 என்று ஆளுக்கு ஒரு வேகம். 1920களின் கடைசியில் படம் பேச ஆரம்பித்தது. ஒலியைப் பிலிமின் ஓரத்திலேயே பதியவேண்டும் என்று ஆனபோது வேகம் ஏறி இறங்கினால் குரல் கீச்சிடும், இல்லையென்றால் இழுக்கும். ரொம்ப மெதுவாக ஓடினால் ஒலி தெளிவாக இருக்காது. வேகமாக ஓடினால் பிலிம் செலவு எகிறும். இரண்டுக்கும் நடுவில் ஒத்துக்கொண்ட எண்தான் 24. காதுக்கும் காசுக்கும் ஏற்றபடி வைத்த எண்ணைத்தான் கண்ணும் ஏற்றுக்கொண்டது.

அந்த 24இல் குறை இருக்கிறது. அதையும் கேபினிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். 40 அடி அகலத் திரையில் ஒரு பஸ் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு 2 நொடியில் கடக்கிறது என்று வையுங்கள். 48 பிரேம். ஒவ்வொரு பிரேமுக்கும் பஸ் 10 அங்குலம் தாண்டுகிறது. ஓடவில்லை, குதிக்கிறது. அது மட்டுமில்லை. திரை படபடக்கக் கூடாது என்று வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும் புரொஜக்டர் ஷட்டரில் இரண்டு இறக்கை வைத்து ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை காட்டுகிறோம். கண் பஸ்ஸோடு நகர்ந்துகொண்டே இருக்கும்போது அதே பிரேம் பழைய இடத்திலேயே மறுபடி விழும். அதனால் பஸ்ஸின் விளிம்பு இரண்டாகத் தெரியும். நீங்கள் "ஸ்ட்ரோப் அடிக்குது" என்பீர்களே, அதுதான். இதனால்தான் கேமராவை வேகமாகத் திருப்ப உங்களுக்குப் பயம். 3டியில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகும்போது இந்தத் தொந்தரவு இன்னும் கூடும். 48 ஆக்கினால் தாண்டல் 5 அங்குலம். 120 ஆக்கினால் 2 அங்குலம். பஸ் ஓட ஆரம்பித்துவிடும். இதை வேண்டாம் என்று எந்த ஆபரேட்டர் சொல்வான்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகிறேன். உங்களுக்குத் தெரியும், இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் "ஹை ஸ்பீடு ஷாட்" என்றால் ஹீரோ மெதுவாக நடந்துவருவது. 96 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவதால் அசைவு நாலில் ஒரு பங்காகிறது. நாம் இங்கே பேசுவது அதுவல்ல. 48இல் எடுத்து 48லேயே ஓட்டுவது. நடை நடையாகவே இருக்கும், நடுவில் காட்டும் படங்கள் மட்டும் இரட்டிப்பாகும்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1955இல் 'ஓக்லஹோமா' படத்தை டாட்-ஏஓ என்ற அகலப் பிலிம் முறையில் 30 பிரேமில் எடுத்தார்கள். சாதாரணத் தியேட்டர்களில் அது ஓடாது என்பதால் அதே படத்தை 24இல் இன்னொரு தடவையும் எடுக்க வேண்டியிருந்தது. சில வருடங்களிலேயே அந்த முறையும் 24க்கே திரும்பிவிட்டது.

நம் காலத்தில் பெரிய அளவில் சோதனை நடந்தது 2012இல். அந்த ஏப்ரலில், தியேட்டர்காரர்கள் கூடும் சினிமாகான் மாநாட்டில், லாஸ் வேகஸில், இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 'தி ஹாபிட்' படத்திலிருந்து சுமார் 10 நிமிடம் 48 பிரேமில் காட்டினார். பார்த்தவர்களில் பலர் சொன்னது, டிவி மாதிரி இருக்கிறது, படப்பிடிப்புத் தளத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பதுதான். 10 நிமிடம் போதாது, முழுப் படமும் பார்த்தால் கண் பழகிவிடும் என்பது ஜாக்சன் தரப்புப் பதில். டிசம்பரில் முழுப் படம் வந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது என்றவர்கள் உண்டு. கடைசிவரை ஒட்டவில்லை என்றவர்களும் நிறைய. அங்கே அவர்கள் அதற்கு வைத்திருந்த பேர் "சோப் ஓபரா எஃபெக்ட்". சோப் ஓபரா என்றால் நம்மூர் சீரியல்தான். பாருங்கள், லாஸ் வேகஸ் எங்கே, திண்டுக்கல் எங்கே. அவர்கள் சொன்னதையும் கீரை ஆய்ந்த அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வார்த்தை.

அதே வார்த்தை எப்படி வந்தது? இதைத்தான் நீங்கள் நின்று யோசிக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

உங்களில் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். பேசும் படம் வந்தபோதும் முனகினார்கள், கலர் வந்தபோதும் முனகினார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள், இதுவும் அப்படித்தான் என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வேகம் புதுசாக இருப்பதால் ஒட்டவில்லை என்று நினைக்கிறீர்கள். இது அவர்களுக்கு ரொம்பப் பழகிய வேகம். அதனால்தான் ஒட்டவில்லை.

நம் நாட்டு டிவி நொடிக்கு 25 பிரேம். ஆனால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதியாக வரும், ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி. வீடியோ கேமராவில் எடுத்தால் அந்த 50 பாதிகளும் 50 வெவ்வேறு கணங்கள். அதாவது தூர்தர்ஷன் காலத்திலிருந்தே நம் ஜனங்கள் நொடிக்கு 50 அசைவு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் கண்ணை மூடி வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் அறிவிப்பாளர் வந்து வணக்கம் சொல்வார். அவர் தலையை அசைப்பது, தாளைத் திருப்புவது எல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். அப்புறம் பாட்டு ஆரம்பிக்கும். அதே டிவி, அதே கறுப்பு வெள்ளை, அதே கோடு விழுந்த திரை. ஆனால் அசைவு மாறிவிடும். பாட்டு பிலிமில் எடுத்தது. அது சினிமா என்று தரையில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும்.

இப்படியே நாற்பது வருடம். செய்தி, கல்யாண வீடியோ, கிரிக்கெட், மத்தியான சீரியல் எல்லாம் அந்தப் பக்கம். சினிமா மட்டும் இந்தப் பக்கம். கிரிக்கெட்டை யாராவது 24இல் காட்டினால் ஊரே ரகளை பண்ணும், பந்து எங்கே போனது என்று தெரியாது. கிரிக்கெட்டுக்கு 50 வேண்டும், ஏனென்றால் அது இப்போது நடக்கிறது. பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் அந்த வேகத்துக்கு ஓர் அர்த்தம் வைத்துவிட்டார்கள்: இது நிஜம், இது இப்போது, இது இங்கே. 24க்கு வேறு அர்த்தம்: இது கதை. இரண்டுமே கற்றுக்கொண்டதுதான், நான் மறுக்கவில்லை. தமிழும் கற்றுக்கொண்டதுதான். அதற்காக ஒரு வார்த்தைக்கு அர்த்தம் இல்லை என்று ஆகிவிடுமா?

அதனால் "நாடகம் மாதிரி இருக்கு" என்பது வசவு இல்லை, வியாதியின் பெயர். கதை என்று நினைத்து உட்கார்ந்த ஒருவருக்கு, "இது இப்போது உன் எதிரில் நடக்கிறது" என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எதிரில் நடப்பது என்றால் கண் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பிக்கும். விக் எங்கே ஒட்டியிருக்கிறது, தாடிக்குக் கீழே கோந்து பளபளக்கிறதா, கல் தூண் கல்லா தெர்மாகோலா என்று தேடும். சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குத்து முகத்தில் படுவதில்லை, நாலு விரற்கடை தள்ளித்தான் போகிறது. 24இல் ஒவ்வொரு பிரேமும் பொதுவாக நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்குகிறது. கை அதற்குள் கலங்கிவிடும், அந்தக் கலங்கலுக்குள் நாலு விரற்கடையும் மறைந்துவிடும். பிரேமைக் கூட்டினால் கலங்கல் குறையும், இடைவெளி தெரியும். ஜாக்சன் 48இல் எடுத்தபோது பிரேமுக்கு வெளிச்சம் விடும் கேமரா ஷட்டரை 270 டிகிரிக்கு அகட்டி நொடியில் 64இல் ஒரு பங்கு வைத்துக்கொண்டார், கொஞ்சமாவது கலங்கல் மிஞ்சட்டும் என்று. அவருக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் ஸ்டண்ட் மாஸ்டரும் மேக்கப்மேனும் ஆர்ட் டைரக்டரும் கற்றுவைத்த வித்தை எல்லாம் 24ஐ நம்பி இருக்கிறது. வேகத்தை மாற்றினால் அவர்கள் எல்லோரும் முதல் பாடத்திலிருந்து படிக்கவேண்டும். ரசிகன் பழகுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் படப்பிடிப்புத் தளம் பழகவேண்டும்.

இயக்குநர் ஆங் லீ இதைப் புரிந்துகொண்டவர். 2016இல் 'பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்' படத்தை 120 பிரேம், 4கே, 3டி என்று எடுத்தபோது நடிகர்களுக்கு மேக்கப்பே கிட்டத்தட்டப் போடவில்லை. ஈராக்கிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயின் கதை. அந்த முழு அளவில் அதைக் காட்ட உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்கள்தான் இருந்தன. பார்த்தவர்களில் சிலருக்குப் போர்க்காட்சி நெஞ்சில் அறைந்தது. அதே ஆட்கள் மேஜை அருகே பேசும் காட்சியில் "நடிக்கிறார்கள் என்று தெரிகிறது" என்றார்கள். 2019இல் வில் ஸ்மித்தை வைத்து 'ஜெமினி மேன்' எடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே கதை. பைக் துரத்தலுக்கு ஒரு பேச்சு, வீட்டுக்குள் பேசும் காட்சிக்கு இன்னொரு பேச்சு. ஒரே ஆள், ஒரே படம், ஒரே வேகம், இரண்டு விதமான பதில். இதை வெறுப்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது? எங்கே வேண்டும் எங்கே வேண்டாம் என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள்.

அந்தக் கோட்டை முதலிலேயே பார்த்த ஒருவர் உண்டு. டக்ளஸ் டிரம்புல். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸில் வேலை பார்த்தவர். 1970களில் அவர் 70 எம்எம் பிலிமை நொடிக்கு 60 பிரேமில் ஓட்டும் ஷோஸ்கேன் என்ற முறையை உருவாக்கினார். அவர் வேலை செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒரே மாதிரிக் காட்சியை வெவ்வேறு வேகத்தில் எடுத்து, பார்க்கிறவர்களின் உடம்பில் கருவிகளை ஒட்டிவைத்துக் காட்டினார். வேகம் கூடக்கூட உடம்பு அதிகமாகத் துள்ளியது. பார்த்தீர்களா, அவர் ரசிகனைக் கேட்டார். நாக்கைக் கேட்கவில்லை, உடம்பைக் கேட்டார். அதைவிட முக்கியம், அதை எங்கே வைக்க நினைத்தார் என்பது. 1983இல் வந்த 'பிரெய்ன்ஸ்டார்ம்' அவர் இயக்கிய படம். ஒருவரின் அனுபவத்தைப் பதிவுசெய்து இன்னொருவர் தலைக்குள் ஓட்டும் கருவி பற்றிய கதை. கதை நடக்கும் பகுதி சாதாரண 24, மற்றவர் தலைக்குள் போகும் பகுதி மட்டும் 60. இதுதான் அவர் திட்டம். 60 பிரேம் வந்த கணத்தில் "இது கதை இல்லை, இது எனக்கே நடக்கிறது" என்று ரசிகனின் தோல் சிலிர்க்கவேண்டும். அந்த வேகத்துக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தத்தில் கதைக்குள் வைக்க நினைத்தார். அதற்குச் செலவு செய்ய ஸ்டுடியோ முன்வரவில்லை. கடைசியில் அந்தப் பகுதிகளுக்கு அகலப் பிலிம் மட்டும் மிஞ்சியது, வேகம் 24ஆகவே நின்றது. 2022 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். அந்தப் படத்தை அவர் நினைத்தபடி ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. கேபினில் நின்றவனுக்குத்தான் அந்த ஆதங்கம் புரியும்.

அவர் இறந்த அதே வருடம் டிசம்பரில் 'அவதார்' இரண்டாம் பாகம் வந்தது. சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் என் மகளையும் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட்டில் 3டி என்று மட்டும் இருந்தது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது 48. ஆனால் எல்லாக் காட்சியும் இல்லை. ஜேம்ஸ் கேமரூன் தண்ணீருக்கும் பறப்பதற்கும் 48 வைத்து, சும்மா நின்று பேசும் ஷாட்களை 24லேயே விட்டிருந்தார். மனிதர்கள் பேசும் இடத்தில் இந்த வேகம் அளவுக்கு மீறிய நிஜமாகிப் படத்துக்கு எதிராகப் போகும் என்பது அவர் சொன்ன காரணம். ஓடுவது 48இல்தான், 24 வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை காட்டிவிடுவார்கள். எங்கள் பழைய இரண்டு இறக்கை ஷட்டர் செய்த அதே வேலை.

கடலுக்குள் முதல் தடவை போகும் இடத்தில் பக்கத்து சீட்டில் ஒரு சின்னப் பெண் வாயை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தோளைத் தட்டியதும்தான் விட்டாள். என் மகள் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. சிறு சிறு மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது ஒவ்வொரு மீனும் தனியாகத் தெரிந்தது, 24ஆக இருந்திருந்தால் ஒரு வெள்ளிக் கலங்கல்தான் தெரிந்திருக்கும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காக நான் உங்கள் கட்சி.

அப்புறம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிப் பேசும் ஒரு ஷாட் வந்தது. அக்கா மகன் என் கையைச் சுரண்டினான். "மாமா, லேக் ஆகுது."

நான் சட்டென்று தலையைத் திருப்பிப் பின்னால் கேபின் ஓட்டையைப் பார்த்தேன். பழக்கம். அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஷாட் மறுபடி வழவழவென்று ஆனது, இரண்டு ஷாட் தள்ளி மறுபடி "லேக்". இடைவேளையில் அவனிடம் கேட்டேன், லேக் என்றால் உனக்கு எப்படித் தெரிந்தது என்று. போனில் கேம் விளையாடும்போது ஒரே இடத்தில் நிறையப் பேர் வந்துவிட்டால் எஃப்பிஎஸ், அதான் நொடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு, குறையும் மாமா, கை கால் எல்லாம் வெட்டி வெட்டிப் போகும், அதே மாதிரி இருந்தது என்றான். 48லிருந்து 24க்கு இறங்கியதை 14 வயதுப் பையன் அப்படியே படித்துவிட்டான். அந்த அம்மா டிவி பார்த்துப் பழகியவர், இவன் கேம் ஆடி வளர்ந்தவன். அவருக்கு வேகம் கூடினால் சினிமா போய்விடுகிறது, இவனுக்கு வேகம் குறைந்தால் ரிப்பேர் ஆகிவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே தியேட்டரில் ஒரே வரிசையில்தான் உட்காரப் போகிறார்கள். உங்கள் முன்னால் இருக்கும் சிக்கல் இதுதான், இதற்கு "பழகிவிடும்" என்பது பதிலே இல்லை.

கேமரூன் இடம் பார்த்து வைத்ததை நான் மதிக்கிறேன். ஷாட்டுக்கு ஷாட் மாற்றியதுதான் எனக்கு உறுத்தியது. ஒரே காட்சிக்குள் இரண்டு பாஷையில் மாறி மாறிப் பேசினால் கேட்பவன் வார்த்தையை விட்டுவிட்டு பாஷையைக் கவனிக்க ஆரம்பிப்பான். மாற்றுவதாக இருந்தால் காட்சி மாறும் இடத்தில் மாற்றுங்கள், அல்லது கதையில் ஏதாவது நடக்கும் இடத்தில் மாற்றுங்கள். ரசிகனுக்கு அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் கிடைக்கட்டும்.

நம் ஊரில் இதற்கு வேலை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பறையில் குச்சி விழுவதை 24இல் பாருங்கள். கையும் குச்சியும் சேர்ந்து ஒரு விசிறி. அடி எங்கே விழுந்தது என்று காதுதான் சொல்லவேண்டும், கண்ணுக்கு ஒன்றும் இல்லை. 60இல் எடுத்தால் ஒவ்வொரு அடியும் தெரியும், தோல் அதிர்வது தெரியும். வாடிவாசலில் மாடு வெளியே வரும் அந்த ஒரு நொடி, நடுக்கடலில் அலையில் வள்ளம் ஏறி இறங்குவது, இதெல்லாம் "இப்போது, இங்கே" என்று கண் நம்பினால் இன்னும் நன்றாக இருக்கும் காட்சிகள். அதே படத்தில் ராத்திரி அரை வெளிச்சத்தில் ஒரு தாய் மகனுக்குச் சோறு போடுகிறாள் என்றால், தயவுசெய்து அதை 24லேயே விட்டுவிடுங்கள். அங்கே எங்களுக்குக் கதை வேண்டும்.

டிவிக் கம்பெனிகள் செய்த வேலையையும் நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டும். நான் மாட்டும் பெரிய டிவிகளில் முக்கால்வாசிக்கு மேல் அந்த வழவழப்பு வசதியைப் போட்டபடிதான் வருகிறது. 24இல் எடுத்த படத்துக்கு நடுவில் இல்லாத பிரேமைக் கற்பனையாகச் செருகி ஓட்டுகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம், இந்த வழவழப்பை அணைத்துவிடும் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்றைக் கம்பெனிகளும் அறிவித்தன, இப்போது பல டிவிகளில் அது இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் மெனுவைத் திறக்கிறார்கள்? வேகத்தைப் பொய்யாகக் கூட்டிக் கெட்டுப்போன படங்களை வீட்டில் பார்த்து எரிச்சலான கண்ணோடுதான் ஒருவர் உங்கள் 48 பிரேம் படத்துக்கு வருகிறார். பொய்க்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அது நியாயமில்லைதான், என்ன செய்வது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டிக்கெட்டில் வேகத்தைப் போடச் சொல்லுங்கள். 2டி, 3டி, என்ன மொழி என்றெல்லாம் போடுகிறார்கள், கூடவே 24 அல்லது 48 என்று ஓர் எண். இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள், விரும்பியதைப் பார்க்கட்டும். 'ஹாபிட்' படத்தை 48இல் ரசித்தவர்களும் உண்டு, ஆனால் வீட்டுக்கு வந்த டிஸ்க்கில் 24 மட்டும்தான் இருந்தது. பிடித்தவர்களுக்கும் திரும்பப் பார்க்க வழியில்லாமல் போனது. இரண்டு பக்கத்து ரசிகனையும் இப்படி விடக் கூடாது.

படம் முடிந்தபிறகு விமர்சனம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஒரே ஒரு சண்டை, ஒரே ஒரு பேச்சுக் காட்சி, ஒரே ஒரு பாட்டு. மூன்றையும் அதிக வேகத்தில் எடுத்து, அதிலிருந்தே 24உம் பிரித்துக்கொள்ளுங்கள். சென்னை பிரிவியூ தியேட்டரில் உங்கள் நண்பர்களுக்குப் போடவேண்டாம், அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். ஒரு டவுன் தியேட்டரில், ஒரு வியாழக்கிழமைக் காலைக் காட்சிக்கு, சந்தைக்கு வந்தவர்கள், காலேஜ் பையன்கள், பேரனைக் கூட்டிவந்த பாட்டிகள் என்று உட்காரவையுங்கள். எந்த வேகம் எது என்று சொல்லாதீர்கள். படிவம் கொடுத்து மதிப்பெண் கேட்காதீர்கள். போட்டுவிட்டு, கேபினுக்கு ஏறி அந்த ஓட்டை வழியாகத் தலைகளைப் பாருங்கள். எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த இடத்தில் அசையாமல் இருக்கிறார்கள், எந்த இடத்தில் பக்கத்து ஆளிடம் திரும்புகிறார்கள் என்பது அங்கிருந்து தெரியும். அப்புறம் கீழே இறங்கி டீக்கடையில் நின்று என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

அப்படி ஒரு காலைக் காட்சி வைத்தால் சொல்லி அனுப்புங்கள். எந்த ஊராக இருந்தாலும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். கேபினில் எந்த இடத்தில் நின்றால் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெரியும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குக் காட்டுகிறேன். வரும்போது அந்தத் தீபாவளி வீட்டு அம்மாவையும் கேட்டுப் பார்க்கிறேன், முடிந்தால் அழைத்துவருகிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய ஆபரேட்டர்